பெயரை வெட்டலாமோ? – பல்கலைக்கழக விண்ணப்பமும் எங்கட பிள்ளைகளும்

மலர்க் குழுவினர் இம்முறை "பிள்ளைகளின் படிப்புப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். படிப்பின் அருமை பெருமையை எங்கட சனத்துக்கு எடுத்துச் சொல்லப் போனால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகத்தான் முடியும். ஆகவே படிப்பை விட்டுவிட்டு, படிப்பதற்கும் படிக்க இடம் கிடைப்பதற்கும் நடுவில் கிடக்கிற ஒரு படிவத்தின் சரித்திரத்தை எழுதுகிறேன். சங்கத்தின் சனிக்கிழமை வகுப்பில் 1991 இலிருந்து அந்தப் படிவத்தோடு மாரடித்தவன் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

1993 ஒக்ரோபர் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். வகுப்பு முடிந்து பிள்ளைகள் கதிரைகளை அடுக்கிக் கொண்டிருந்தார்கள். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்கிற ஒரு தகப்பனார் வந்து வாசலில் நின்றார். மகள் ஏ.எல். இரண்டாம் வருடம், மருத்துவத்துக்குப் போட இருக்கிறாள். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் விரித்தார்.

"மாஸ்டர், குறை நினையாதேங்கோ. பிள்ளையின்ரை பேரைக் கொஞ்சம் வெட்டிப் போட்டுப் போமை நிரப்பினால் என்ன?"

"ஏன் அண்ணை?"

"என்ரை பேர்தானே அவளுக்குக் கடைசிப் பேர். இங்கிலீசிலை பதினேழு எழுத்து. வெள்ளைக்காரன் அதை வாசிக்க முதலே போமை அங்காலை வைச்சிடுவான்."

அந்தத் துண்டில் என்ன இருந்தது என்று பிறகு சொல்லுகிறேன். அதற்கு முதல் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். ஏனென்றால் அந்த மனிசன் கேட்ட கேள்வி இலண்டனில் பிறந்த கேள்வி அல்ல.

எங்கட ஊரில் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்குப் படிவம் ஒரு பொருட்டே இல்லை. சோதனைதான் எல்லாம். யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளில் கிடுகுக் கொட்டிலுக்குள் இருநூறு பேர் நெருக்கியடித்துக் கொண்டு இரசாயனவியல் படித்தது அந்த ஒரு புள்ளிக்காகத்தான். பிள்ளை எப்படிப்பட்டவன், ஏன் இந்தப் பாடத்தை விரும்புகிறான் என்று எவரும் கேட்டதில்லை. புள்ளி வந்தால் இடம் வரும் என்பதுதான் எங்கட வேதவாக்கு. அந்த வேதவாக்கைத்தான் 1970 களில் உடைத்தார்கள். 1971 இல் பல்கலைக்கழகம் புகுந்த தொகுதியினருக்குப் பொறியியலுக்குச் சிங்கள மொழி மூல மாணவர் 227 புள்ளி எடுத்தால் போதும், தமிழ் மொழி மூலம் என்றால் 250 வேண்டும். மருத்துவத்துக்கு 229, எங்களுக்கு 250. இதற்குப் பிறகு மொழிவாரித் தரப்படுத்தல், 1974 இலிருந்து மாவட்டவாரிப் பங்கீடு என்று முறைகள் மாறிக் கொண்டே போயின. மாவட்டப் பங்கீட்டினால் வன்னி, மட்டக்களப்புப் போன்ற இடங்களின் பிள்ளைகளுக்கும் வாசல் திறந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாரின் நெஞ்சில் 227, 250 என்ற அந்த இரண்டு இலக்கமும் சூடு போட்டது போல நின்றுவிட்டன.

அந்தச் சூட்டோடுதான் ஒரு பகுதியினர் அப்போதே இலண்டனுக்கு வந்தார்கள். 1967 இல் இங்கே வெளிநாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம் கொண்டு வந்திருந்தார்கள், வருடம் 250 பவுண். உள்நாட்டு மாணவருக்கு 70 பவுண் அளவில். வித்தியாசம் பெரிதுதான், ஆனாலும் காணியை ஈடு வைத்துச் சமாளிக்கக்கூடிய தொகை. 1980 இல் தற்சர் அம்மையாரின் அரசாங்கம் வெளிநாட்டு மாணவர் முழுச் செலவையும் தாங்களே கட்ட வேண்டும் என்று ஆக்கியது. காணியை ஈடு வைத்துப் படிக்கிற காலம் அதோடு சரி. மூன்று வருடத்தில் 1983 யூலை வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் மாணவர்களாக வரவில்லை, அகதிகளாக வந்தார்கள். நாங்கள் அந்தக் கூட்டம்.

இங்கே வந்தபோது எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தரப்படுத்தல் இல்லாத தேசம், பிள்ளை படித்தால் போதும், மிச்சத்தைப் புள்ளி பார்த்துக்கொள்ளும். இந்த நம்பிக்கையில் பாதி சரி. பிழையான மற்றப் பாதியால் நாங்கள் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

பிரித்தானியாவில் 1960 களின் தொடக்கம் வரைக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வேறு வேறாக எழுதிப் போட வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று ஐந்தாறு இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும், மற்றப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பார்கள். யார் வருவார், யார் வரமாட்டார் என்று பல்கலைக்கழகங்களுக்கே தெரியாது. இந்தச் சிக்கலைத் தீர்க்க 1961 இல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உக்கா என்ற மத்திய அனுமதிச் சபையை உண்டாக்கின. ஒரு படிவம், ஒரு கட்டணம், பல தெரிவு. 1962 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்த உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளூராட்சி சபையே கட்டணத்தையும் கட்டி, வருமானத்தைப் பார்த்துச் செலவுக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. 1992 இல் பொலிரெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களாக மாறின. அடுத்த வருடம் அவற்றின் அனுமதிச் சபையும் உக்காவும் ஒன்றாகி யூகாஸ் பிறந்தது. அந்தத் தகப்பனார் என்னிடம் வந்த 1993 இல்தான் யூகாசின் முதற் படிவம் எங்கட கைக்கு வந்தது.

அந்தப் படிவத்தைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். செல்ரனத்தில் அதைச் சுருக்கிப் படி எடுத்துத்தான் எல்லா இடத்துக்கும் அனுப்புவார்கள், எழுத்துக் கலங்கினால் பிள்ளையின் கதையும் கலங்கும். எட்டுத் தெரிவு. பிள்ளையே தன்னைப் பற்றி எழுத வேண்டிய ஒரு பெட்டி. பள்ளிக்கூடம் எழுதுகிற சிபாரிசு. அதற்குள்ளே, பிள்ளை இன்னும் எழுதாத ஏ.எல். சோதனையில் என்ன எடுக்கும் என்று ஆசிரியர் போடுகிற எதிர்பார்ப்புப் புள்ளி.

எங்கட தாய் தகப்பன்மாருக்குத் தலையைச் சுற்ற வைத்தது இந்தக் கடைசி விடயம்தான். "சோதனை யூனிலை. றிசல்ட் ஓகஸ்ரிலை. பிறகேன் செப்ரெம்பரிலை போம்?" என்று கேட்பார்கள். ஊரில் முதல் புள்ளி, பிறகு விண்ணப்பம். இங்கே தலைகீழ். ஆசிரியரின் ஊகத்தின் மேல் பல்கலைக்கழகம் நிபந்தனையோடு ஒரு இடம் தரும், பிள்ளை அந்தப் புள்ளியை எடுத்துக் காட்ட வேண்டும். ஆசிரியர் பிள்ளையைக் குறைத்து மதித்திருந்தால் யூன் மாதம் பிள்ளை மலையைப் புரட்டினாலும் கதவு ஏற்கனவே சாத்தியிருக்கும். பிள்ளையின் ஆங்கிலம் இன்னும் தடுக்குப்படுகிறது என்பதற்காகக் கணிதத்துக்கும் ஒரு படி குறைத்துப் போட்ட ஆசிரியரை நான் கண்டிருக்கிறேன். தாய் தகப்பன் போய்க் கதைத்திருந்தால் மாற்றியிருப்பார்களோ என்னவோ. ஆனால் ஆசிரியரைக் கேள்வி கேட்பது எங்கட வழக்கத்தில் இல்லை. பெற்றோர் மாலைக்குப் போனால் "குடுங்கோ சேர், நல்லா அடியுங்கோ" என்று சொல்லிவிட்டு வருகிற சனம் நாங்கள்.

இனி அந்தப் பத்திரிகைத் துண்டு.

இலண்டனில் எங்கட ஆட்கள் செறிந்து வாழ்கிற ரூற்றிங்கில்தான் செயின்ற் ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,500 விண்ணப்பம் வரும். அதில் முக்கால்வாசியைப் படிவத்தைப் பார்த்தே கழிப்பார்கள், மிச்சப் பேரைத்தான் நேர்முகத்துக்கு அழைப்பார்கள். இந்தக் கழிக்கிற வேலையைச் சுகமாக்க ஒரு வைத்திய ஆசிரியர் 1970 களில் கணினி நிரல் ஒன்றை எழுதினார். பழைய தெரிவாளர்கள் எப்படித் தெரிந்தார்களோ அதைப் பார்த்து அப்படியே நடக்கும்படி அதைப் பழக்கினார். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மனிதர்களின் முடிவும் அதன் முடிவும் பொருந்தின. எல்லாருக்கும் திருப்தி. 1982 இலிருந்து முதற் கழிப்பு முழுவதும் கணினி கையில்.

தெரிவாளர்களின் பழக்கத்தில் என்ன இருந்தது என்று அப்போது யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. கணினி தோண்டிப் பார்த்திருந்தது. விண்ணப்பதாரரின் பெயரையும் பிறந்த இடத்தையும் வைத்து அவர் ஐரோப்பியரா இல்லையா என்று அது பிரித்தது. ஐரோப்பியப் பெயர் இல்லை என்றால் 15 புள்ளி வரைக்கும் தள்ளி வைத்தது. பெண் என்றால் இன்னும் கொஞ்சம். அதே கல்லூரியில் வேலை செய்த ஜோ கொலியர், அக்ரி பேர்க் என்ற இரண்டு வைத்தியர்கள் (பேர்க் யமேக்காவில் பிறந்தவர்) இலண்டன் மருத்துவக் கல்லூரிகளில் யார் யார் சேர்க்கப்படுகிறார்கள் என்று ஆராய்ந்து 1986 இல் வெளியிட்டார்கள். கணினி விடயத்தையும் இனச் சமத்துவ ஆணைக்குழுவுக்கு அவர்களே கொண்டு போனார்கள். 1988 இல் ஆணைக்குழு அறிக்கை விட்டது: கல்லூரி இன வேறுபாட்டுக்கு எதிரான சட்டத்தை மீறியிருக்கிறது, பெயராலோ பாலாலோ வருடம் அறுபது பேர் அளவில் நேர்முகத்துக்கே கூப்பிடப்படாமல் போயிருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் மற்ற இலண்டன் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றைவிட அந்தக் கல்லூரியில் கறுப்பு, ஆசியப் பிள்ளைகள் கூடப் படித்தார்கள். மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வழி இல்லை, ஏனென்றால் அங்கே அது மனிதர்களின் தலைக்குள் நடந்தது. இங்கே கணினியில் எழுதி வைத்தபடியால்தான் பிடிபட்டார்கள்.

தகப்பனார் ஐந்து வருடமாக வைத்திருந்த துண்டு அந்த அறிக்கையின் செய்தி. மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோதே வெட்டி வைத்திருக்கிறார்.

நான் அவருக்குச் சொன்னது இதுதான். "அண்ணை, சேர்டிபிக்கற்றிலை ஒரு பேர், போமிலை இன்னொரு பேர் எண்டால் நாளைக்கு வேறை சிக்கல் வரும். அதோடை, அவையள் இப்ப பிடிபட்டவை. இனிக் கவனமாய் இருப்பினம்." அவர் துண்டைத் திரும்பவும் நாலாக மடித்தார். பதினேழு எழுத்தும் படிவத்தில் ஏறியது.

ஐந்து மருத்துவக் கல்லூரி, மூன்று வேறு பாடம் போட்டோம். ஒரு கல்லூரிகூட நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. ஓகஸ்டில் றிசல்ட் வந்தது, இரண்டு ஏ, ஒரு பி. பிள்ளை மருந்தியல் படிக்கப் போனாள்.

1995 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் மக்மேனஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய ஓர் ஆய்வு வந்தது. 1990 களின் தொடக்கத்தில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தவர்களை ஆராய்ந்திருந்தார்கள். சிறுபான்மை இனப் பிள்ளைகள் குறைவாகத் தெரிவாகிறார்கள், புள்ளி வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் குறைவு. இன்னும் முக்கியம், பிள்ளையின் இனத்தைவிட ஐரோப்பியப் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முடிவை நன்றாகக் காட்டியது. அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை இல்லை. நான் அந்த மனிசனுக்குச் சொன்ன புத்திமதி பிழையோ என்று கிடந்து யோசித்தேன். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு காரணமும் இருந்தது. சிறுபான்மைப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பிந்தி விண்ணப்பிக்கிறார்கள், பிந்துவதும் வாய்ப்பைக் குறைக்கிறது.

அந்தப் பிள்ளையின் படிவம் போனது டிசெம்பர் இரண்டாம் கிழமை. அப்போது கடைசித் திகதி டிசெம்பர் 15. பிந்தினது அவளால் அல்ல, என்னால். பதினொரு பிள்ளைகளின் படிவத்தை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு எல்லாத்தையும் ஒன்றாக அனுப்புவோம் என்று இருந்தவன் நான். இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பதினொரு பேரின் 'என்னைப் பற்றி' என்ற பெட்டியையும் நான்தான் எழுதினேன். பிள்ளைகளின் ஆங்கிலத்தை நம்பவில்லை. நல்லதொரு பந்தியை எழுதி, போரிலே காயப்பட்டவர்களைப் பார்த்து மருத்துவ ஆசை வந்தது என்று தொடங்கி, பாடத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பொறியியல் பிள்ளைக்குக் காயப்பட்டவர்களுக்குப் பதிலாக உடைந்த பாலம்! ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து போன மூன்று படிவத்தில் ஒரே வசனம் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

பேராலா, பிந்தினதாலா, என்ரை பந்தியாலா, வேறு கெட்டிக்காரர் கூடப் போட்டி போட்டதாலா, இன்று வரை தெரியாது. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தகப்பனாரும் கேட்கவில்லை.

2007 இல் யூகாஸ் இந்தச் சுய அறிமுகங்களைக் கணினியில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த செய்தி வந்தபோது எனக்கு உள்ளூரக் கூச்சமாக இருந்தது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு வந்த ஐம்பதாயிரம் அளவிலான விண்ணப்பங்களில் 234 பிள்ளைகள், எட்டு வயதில் இரசாயனப் பெட்டியை வைத்து விளையாடித் தங்கள் பிஜாமாவில் ஓட்டை விழுந்த கதையை எழுதியிருந்தார்களாம். மாதிரி ஒன்றைப் பார்த்து எல்லாரும் எழுதியது. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் எங்களைப் போலத்தான் என்று சிரித்தாலும், நான் எரித்த பிஜாமாக்கள் பதினொன்று என்பது என் மனதுக்குத் தெரியும்.

இனி நான் சொல்லப் போவது இதைவிடப் பாரமான கதை. 1983 க்குப் பிறகு வந்த எங்கட ஆட்களில் பெரும்பாலானோருக்கு அகதி அந்தஸ்துக் கிடைக்கவில்லை, ஈ.எல்.ஆர். என்ற விசேட அனுமதிதான் கிடைத்தது. அகதி அந்தஸ்து உள்ளவருக்கு முதல் நாளிலிருந்தே உள்நாட்டுக் கட்டணமும் உதவிப் பணமும் உண்டு. ஈ.எல்.ஆர். காரருக்கு உள்நாட்டுக் கட்டணம், ஆனால் உதவிப் பணத்துக்கு மூன்று வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். முடிவு வராமல் காத்திருப்பவருக்கு ஒன்றுமில்லை. அவர் வெளிநாட்டு மாணவர்.

1995 இல் ஒரு பொடியன். பதின்மூன்று வயதில் மாமனோடு வந்தவன், ஜி.சி.எஸ்.ஈ.யும் ஏ.எல்.லும் இங்கேதான். மின்பொறியியலுக்கு இடம் வந்தது, கேட்ட புள்ளியையும் எடுத்தான். படிவத்தில் வதிவிட வகை என்று ஒரு பெட்டி இருக்கிறது. ஆறு வருடம் இங்கே படித்த பிள்ளைதானே என்று நான் உள்நாடு என்று போடச் சொல்லிவிட்டேன். அவனுடைய தஞ்சக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வரவில்லை என்பதை நான் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. எங்கட ஆட்கள் விசா விடயம் வாய் திறக்க மாட்டார்கள், அதற்குக் காரணமும் உண்டு. செப்ரெம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டுக் கட்டணம், வருடம் ஏழாயிரம் பவுணுக்கு மேல். சீட்டுப் பிடித்துக் கட்டுவோம் என்று மாமன் சொன்னார். மூன்று வருடத்துக்குச் சீட்டுப் பிடிக்க ஏலுமோ? பொடியன் பெற்றோல் நிலையத்துக்குப் போனான். அவனுக்கு ஈ.எல்.ஆர். வந்தது 1998 இல். கடிதத்தைக் கொண்டு வந்து காட்டினான். "படிப்பம் எண்டால் இப்ப வீட்டுக்காரற்றை கடன் என்ரை தலையிலை, மாஸ்டர்" என்றான். அந்த வருடம்தான் உள்நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஆயிரம் பவுண் கட்டணம் தொடங்கியது. அடுத்த வருடத்தோடு உதவிப் பணமும் புதுப் பிள்ளைகளுக்கு நின்றது, எல்லாம் கடன் ஆயிற்று.

பிறகு வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈ.எல்.ஆர். 2003 இல் ஒழிந்தது. கட்டணம் 2006 இல் மூவாயிரம், 2012 இல் ஒன்பதாயிரம், 2025 இல் 9,535 பவுண். 2015 யூலையில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வென்றது. சாம்பியாவில் பிறந்து ஆறு வயதில் வந்த ஒரு மாணவி, நிரந்தர வதிவிடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மாணவர் கடன் மறுக்கப்பட்டதை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அவள் பக்கம். அதன்பின் தற்காலிக அனுமதியோடு நீண்ட காலம் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடன் பெற வழி பிறந்தது. ஆனால் கோரிக்கை முடிவாகாத பிள்ளைக்கு இன்றும் அரசாங்கக் கடன் இல்லை. அவர்களுக்கென்று பல பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே புலமைப்பரிசில் கொடுக்கின்றன. அதற்கு வேறு விண்ணப்பம், வேறு கடைசித் திகதி. அந்தப் பொடியனின் காலத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடவே எனக்குத் தோன்றவில்லை.

மருந்தியல் படித்த பிள்ளை இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். நாலு வருடமாகச் சனிக்கிழமைகளில் எங்கட வகுப்புக்கு வந்து பிள்ளைகளின் சுய அறிமுகத்தைப் பார்த்துக் கொடுக்கிறாள். எழுதிக் கொடுப்பதில்லை, பென்சிலால் கோடு போட்டு "இது ஆர் சொன்னது? நீ சொல்லு" என்று திருப்பிக் கொடுக்கிறாள். நான் பக்கத்து மேசையில் இருந்து விசாக் கடிதங்களைப் பார்க்கிறேன்.

இந்த வருடம் படிவ வேலை செப்ரெம்பர் முதற் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்கும். ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம் என்றால் ஒக்ரோபர் 15 உடன் கதவு பூட்டு, மற்றவைக்கு யனவரி மட்டும். தெரிவு இப்போது ஐந்து, மருத்துவம் அதில் நாலு. 2026 நுழைவிலிருந்து சுய அறிமுகம் ஒரே கட்டுரையாக இல்லை, மூன்று கேள்விக்கு விடை. வரும்போது ஜி.சி.எஸ்.ஈ. சேர்டிபிக்கற்றும் உள்துறை அமைச்சிலிருந்து கடைசியாக வந்த கடிதமும் கொண்டு வாருங்கோ. கடிதத்தைக் காட்ட விருப்பமில்லாவிட்டால் தாய் தகப்பன் மட்டும் தனியே வந்து என்னோடு கதைக்கலாம். பின்கதவால் வந்தால் சமையலறையில் இருப்பேன்.